புதுப்பிப்பு: டபிள்யூபிஏ3 போட்டதும் கேமரா, பிரிண்டர் இணையவில்லையா?

வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் வைஃபையைப் பூட்டுவது பற்றிய பழைய பதிவின் தொடர்ச்சி இது. அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், டபிள்யூபிஎஸ்ஸை (பட்டனோ பின் நம்பரோ வைத்துக் கருவியை இணைக்கும் வசதி) அணையுங்கள், டபிள்யூபிஏ3 (வைஃபையின் புதிய பாதுகாப்பு முறை) போடுங்கள் என்று எழுதியிருந்தேன். அதன்பின் கேமராவும் பிரிண்டரும் இணையவில்லை என்று பலர் கேட்டிருக்கிறீர்கள்.

பழைய கருவிகள் பலவற்றுக்கு டபிள்யூபிஏ3 தெரியாது; 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் பிடிக்கும். ரவுட்டர் அடியில் ஒட்டியிருக்கும் முகவரிக்கு பிரவுசரில் போய் (பெரும்பாலும் 192.168.1.1) செக்யூரிட்டியை டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 மிக்ஸ்டு (பழைய முறை, புதிய முறை இரண்டும்) ஆக்குங்கள். அதிலும் கேமரா முரண்டு பிடித்தால் கெஸ்ட் நெட்வொர்க் (விருந்தினருக்கான தனி வைஃபை) ஒன்றை 2.4-இல் மட்டும் திறந்து, டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் குறியாக்கம் வைத்து, கேமராவை அங்கே மாற்றுங்கள். டிகேஐபி என்ற பழைய, பலவீனமான குறியாக்கம் வேண்டவே வேண்டாம்.

பிரிண்டரை மட்டும் கெஸ்ட்டில் போடாதீர்கள். கெஸ்ட் வழக்கமாக மெயின் நெட்வொர்க்கிலிருந்து பிரிந்தே இருக்கும். போனிலிருந்து பிரிண்ட் போகாது. கிளவுட் ஆப் வழியாக ஓடும் கேமராவுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

டபிள்யூபிஎஸ் ஏன் ஆபத்து? 8 இலக்கப் பின்னை ரவுட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் வெறும் செக்சம் (மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்). அதனால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் உடைந்துவிடும். உங்கள் வைஃபை பாஸ்வேர்டு எவ்வளவு நீளமாக இருந்தாலும் பயனில்லை.

வேகம் குறைவது வேறு பிரச்சினை. 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 1, 6, 11 மூன்றில் நெரிசல் குறைந்ததை எடுங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். இடையில் 3, 4 என்று வைத்தால் இரண்டு பக்கத்துச் சிக்னலோடும் மோதும்.

ரிமோட் மேனேஜ்மென்ட் (வெளியிலிருந்து இணையம் வழியே ரவுட்டர் செட்டிங்கை மாற்றும் வசதி) ஆனில் இருந்தால் இன்றே அணைத்துவிடுங்கள்.