கிழ எலிக்கு மறதியா, செவிடா?

கோரமங்களா குமார்: நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருந்தார்: "ஆய்வுக்கூடத்துல ரெண்டு வயசு எலி கை தட்டினாலும் திரும்பல. மூளை தேய்ஞ்சு மறதி வந்துடுச்சு. நாப்பதுக்கு மேல நமக்கும் இதே கதிதான்." படிச்சதும் காபி புரையேறிடுச்சு. அந்தக் கறுப்பு எலிக்குக் காதே கேக்காது ஐயா!

ஜாலஹள்ளிக்காரன்: எழுதினது நான்தான். "ஒருத்தர்"னு என்ன ஜாடை? காதும் நரம்பு, மூளையும் நரம்பு. வயசானா ரெண்டும்தான் மந்தமாகும்.

கோரமங்களா குமார்: வயசே காரணமில்லைங்கறேன். சி57 பிளாக் 6ங்கற ஆய்வுக்கூடக் கறுப்பு எலி ரகத்துக்கு கேடெரின் 23ங்கற மரபணுவுலேயே கோளாறு. ஆறு மாசத்துலயே கீச்சு ஒலி கேக்காம போக ஆரம்பிச்சுடும். ஆறு மாசம்னா எலிக்கு வாலிபம். சிபிஏங்கற இன்னொரு எலி ரகத்துக்கு ஒன்றரை வயசுலயும் காது நல்லாவே கேக்கும். எட்டு வருஷம் எலிக்கூண்டு கழுவினவன் சொல்றேன்.

மல்லேஸ்வரம் மாமி: கூண்டு கழுவினா டாக்டர் பட்டமா? பேஷ்.

ஜாலஹள்ளிக்காரன்: சரி, காதை விடுங்க. ஞாபகத்தைப் பார்க்கற தண்ணித் தொட்டி சோதனைல கிழ எலி மேடையைக் கண்டுபிடிக்கத் திணறுதே? அதுக்கும் காது வேணுமா?

கோரமங்களா குமார்: தொட்டியைப் பத்தி என்கிட்டயா? கலங்கல் தண்ணி, அடியில மறைஞ்ச மேடை. கிழடு பாதி நேரம் நாலு காலையும் விரிச்சு மிதக்கும், நீந்தவே நீந்தாது. தூக்கித் துண்டுல துடைச்சா முப்பது கிராம் உடம்பு உள்ளங்கையில வெடவெடன்னு நடுங்கும். லேட்டானது மறதியா, குளிரா, கால் ஓய்ஞ்சதா? அதனாலதான் நீந்தற வேகத்தைத் தனியா அளக்கறாங்க. மேடை கண்ணுக்குத் தெரியற மாதிரி வெச்சும் விட்டுப் பார்ப்பாங்க. அதுலயும் தடுமாறினா கண்ணோ காலோ கோளாறு. ஆனா நீங்க சொன்னது கை தட்டல். அதுக்கு பதில்: செவிடு.

சிவாஜிநகர் சித்தன்: அந்தச் சோதனையை உருவாக்கின ரிச்சர்ட் மோரிஸ் 1981ல தொட்டில விட்டது ரேட், அதாவது பெரிய எலி. நீங்க பேசறது மவுஸ், தமிழ்ல சுண்டெலி. முதல்ல பேரை ஒழுங்கா சொல்லுங்கப்பா.

கோரமங்களா குமார்: சுண்டெலியோ மண்டெலியோ, செவிடு செவிடுதான்.

சிவாஜிநகர் சித்தன்: மண்டெலின்னு ஒரு பிராணியே கிடையாது.

ஜாலஹள்ளிக்காரன்: அப்போ வயசானா மூளை செல் சாகறதே இல்லையா?

கோரமங்களா குமார்: நோயில்லாத கிழ எலியோட ஹிப்போகாம்பஸ்ல, அதாவது ஞாபகத்துக்கான மூளைப் பகுதியில, எண்ணிப் பார்த்தா நியூரான்ங்கற நரம்பு செல் எண்ணிக்கை பெரிசா குறையல. அதுங்களுக்கு நடுவுல இருக்கற இணைப்புதான் அடி வாங்குது. புதுசா பொறக்கற நியூரானும் வெகுவா குறைஞ்சுடுது.

ஜாலஹள்ளிக்காரன்: ஆக, தேயுதுன்னு ஒத்துக்கிட்டீங்க!

கோரமங்களா குமார்: ஒத்துக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. பேச்சு கை தட்டலைப் பத்தி.

மல்லேஸ்வரம் மாமி: போன பொங்கலுக்கு மைக்கைப் பிடிச்சவர் இப்படித்தான் விடல. பொங்கலே ஆறிப் போச்சு.

கோரமங்களா குமார்: மாமி, அந்தப் பொங்கல் வசூல்ல உங்க பங்கு 500 ரூபா இன்னும் வரல.

மல்லேஸ்வரம் மாமி: அன்னிக்கே சித்தன் கையில கொடுத்தாச்சு!

சிவாஜிநகர் சித்தன்: என்னை ஏன் இழுக்கறீங்க? நான் சுண்டெலியைப் பத்தித்தான் கேட்டேன்.

ஜாலஹள்ளிக்காரன்: குமார் சார், அந்த சிபிஏ எலியைக் கொண்டாங்க. கை தட்டிப் பார்த்துடலாம்.

கோரமங்களா குமார்: தட்டறது யாரு, நீங்களா? ரெண்டு வயசுல ஒண்ணு தேடிப் பிடிங்க முதல்ல. கறுப்பு எலி செவிடு.

ஜாலஹள்ளிக்காரன்: மறதி.