கடைசித் தேதி எப்போ? ஹார்மோன் சிகிச்சை தொடங்கும் நேரம்: சேலத்தில் பார்த்தவை

மகப்பேறு மருத்துவர், அஸ்தம்பட்டி

48 வயது அம்மாவிடம் மாதவிடாய் "கடைசியா எப்பங்க வந்துச்சு?" என்று கேட்டால், அவர் கூட வந்த மகளைப் பார்ப்பார். மகள் செல்போனைத் தேடுவாள். "மாங்கா சீசன்ல வந்துச்சுங்க" என்று ஒரு பதில் வரும். போன வருடத்து மாங்காயா, இந்த வருடத்ததா என்பது தனிக் கேள்வி. மாதவிடாய் நிற்கும் காலத் தொந்தரவுகளுக்கு ஹார்மோன் தொடங்கலாமா, எந்த முறையில் தொடங்குவது என்பதில் முக்கால்வாசி அந்தத் தேதியில் இருக்கிறது. அதனால்தான் அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறோம்.

தொடர்ந்து 12 மாதம் வராமலிருந்தால் நின்றுவிட்டது என்று கணக்கு. நம் நாட்டில் சராசரியாக 46 வயதை ஒட்டி நிற்கிறது. மேலை நாடுகளில் 51. ஆனால் சிகிச்சைக்கும் அந்த 12 மாதம் காத்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. "முழுசா நிக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று வீட்டிலும் சொல்கிறார்கள், சில கிளினிக்குகளிலும் சொல்கிறார்கள். குப்பென்று வேர்ப்பதும் தூக்கம் கெடுவதும் மிக மோசமாக இருப்பது பெரும்பாலும் நிற்பதற்குச் சற்று முன்னும் பின்னுமான வருடங்களில்தான். 45 வயது தாண்டியவருக்கு முறை தவறி வருகிறது, இரவில் நாலு தடவை எழுந்து ரவிக்கை மாற்றுகிறார் என்றால் அது போதும். ரத்தப் பரிசோதனைகூடத் தேவையில்லை.

தள்ளிப்போடுவதற்கும் ஓர் எல்லை உண்டு. முதன்முறையாகத் தொடங்குவதென்றால் 60 வயதுக்குள், அல்லது நின்று 10 வருடத்துக்குள். அதற்குள் என்றால் பெரும்பாலானவர்களுக்கு நன்மையின் தட்டு கனமாக இருக்கிறது. அதைத் தாண்டிப் புதிதாக ஆரம்பித்தால் மாரடைப்பு, பக்கவாதக் கணக்கு மாறிவிடும். 2002இல் அமெரிக்காவின் பெரிய ஹார்மோன் ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டு உலகமே பயந்ததே, அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. மார்பகப் புற்று கூடியது உண்மைதான்: எஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் வகை என இரண்டு ஹார்மோனும் சேர்த்துச் சாப்பிட்ட 10,000 பெண்களுக்கு வருடத்துக்கு 8 பேர் கூடுதல். கர்ப்பப்பை இல்லாமல் எஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த பிரிவில் அப்படிக் கூடவில்லை. 49 வயதில் தூக்கமில்லாமல் வருகிற அம்மாவிடம் 63 வயதின் கணக்கைக் காட்டிப் பயமுறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி தேதி எங்கே உதவுகிறது என்பதற்கு வருகிறேன். கர்ப்பப்பை இருப்பவருக்கு எஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தால் உட்சவ்வு தடித்துக்கொண்டே போகும், புற்றுவரை போகலாம். அதனால் புரோஜெஸ்ட்ரோன் கட்டாயம். கடைசித் தேதியிலிருந்து 12 மாதம் ஆகவில்லையென்றால் சுழற்சி முறை: எஸ்ட்ரோஜன் தினமும், புரோஜெஸ்ட்ரோன் 200 மி.கி. மாதத்தில் 12 இரவுகள். அது முடிந்ததும் உதிரம் வரும், அது எதிர்பார்த்ததுதான். 12 மாதம் தாண்டிவிட்டால் தொடர் முறை: இரண்டும் தினமும், புரோஜெஸ்ட்ரோன் 100 மி.கி., உதிரம் வராது. தேதியைத் தப்பாகச் சொல்லி ஐந்தாம் மாதத்திலேயே தொடர் முறையைத் தொடங்கியவருக்கு என்ன ஆகும்? சினைப்பை இன்னும் அவ்வப்போது வேலை செய்கிறது, சொட்டுச் சொட்டாகக் கண்ட நேரத்தில் படும். "கேன்சரா?" என்று பயம். ஸ்கேன், பிறகு உட்சவ்வு மாதிரி எடுப்பு. எல்லாம் சரியென்று வந்தாலும் அவர் மாத்திரையைத் தொடப்போவதில்லை.


மருந்தாளுநர், செவ்வாய்ப்பேட்டை

டாக்டரம்மா, தேதி ஏன் குழம்புதுன்னு கடையில நின்னாத் தெரியும். ஆடி பிறந்துட்டா கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு நார்எதிஸ்டிரோன் 5 மி.கி. அட்டை அட்டையாக் கேப்பாங்க. தள்ளிப்போடுற மாத்திரை. சின்னப் பொண்ணுங்க மட்டும் கேக்குறதில்ல, 47, 48 வயசு அக்காமாருங்க "ஆறு மாசமா வரல, ஆனா பூ மிதிக்கிற அன்னைக்கு வந்துட்டா?"ன்னு முன்ஜாக்கிரதையா வாங்குறாங்க. நிறுத்துன ரெண்டு மூணு நாள்ல உதிரம் வந்துரும். அதை "மறுபடி வந்துருச்சு"ன்னு எழுதிக்கிறாங்க. அங்கேயே கணக்கு கெட்டுப்போச்சு. சீட்டு இல்லாமக் கொடுக்கக்கூடாது. காலில் ரத்தம் கட்டுன வரலாறு இருக்குறவங்களுக்கு இது ஆபத்தும்கூட.

ரெண்டாவது விஷயம் இன்னும் பெருசு. சீட்டுல எஸ்ட்ராடையாலும் (அதுதான் எஸ்ட்ரோஜன்) புரோஜெஸ்ட்ரோன் கேப்ஸ்யூலும் சேந்து இருக்கும். அட்டையைப் பாத்ததும் மருமக சொல்லுவா, "அத்தை, இது கரு தங்குறதுக்கு எனக்குக் கொடுத்த மாத்திரையாச்சே!" அவ்வளவுதான், அத்தை வெக்கப்பட்டு அதை மட்டும் ஒதுக்கிட்டு மத்ததைச் சாப்பிடுவாங்க. டாக்டரம்மா பயப்படுற நிலைமை சரியா அதுதான். அதனால கொடுக்கும்போதே "இது உங்க கர்ப்பப்பைக்குக் காவல், இல்லாம மத்ததைத் தொடாதீங்க"ன்னு சொல்லிடணும். தூங்கப் போற நேரத்துல போடச் சொல்லணும், மயக்கமா வரும். பகல்ல போட்டுட்டுத் தறி முன்னாடி உக்காந்தா வம்பு. தூக்கம் கெட்டவங்களுக்கு அதே மயக்கம் ராத்திரியில உதவியாப் போகும். சில கம்பெனி கேப்ஸ்யூல்ல கடலை எண்ணெய் இருக்கு, கடலை ஒத்துக்காதவங்க அட்டையைப் படிச்சுப் பாக்கணும்.

தோல்ல ஒட்டுற எஸ்ட்ரோஜன் பேட்ச் நம்ம ஊர்ல சரிப்படுறது கஷ்டம். ஏப்ரல், மே வேர்வையில ஓரம் எழும்பிரும். செவ்வாய், வெள்ளி எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறவங்க தோல்ல ஒட்டவே ஒட்டாது. சீயக்காயோட அதுவும் போயிரும். மஞ்சள் பூசுற இடத்துலயும் அப்படித்தான். அந்த ரெண்டு நாளும் எண்ணெய் படாத இடமா, இடுப்புக்குக் கீழே பின்பக்கம் ஒட்டச் சொல்லலாம். இல்லைன்னா தடவுற ஜெல்.


மகப்பேறு மருத்துவர், அஸ்தம்பட்டி

தம்பி சொன்ன மருமகள் கதையை நான் இனி ஒவ்வொரு சீட்டிலும் எழுதி வைக்கலாம் போல.

ஜெல் அளவு: 0.06% ஜெல்லில் 2.5 கிராம் எடுத்தால் 1.5 மி.கி. எஸ்ட்ராடையால். பாதியில், அதாவது 1.25 கிராமில் தொடங்கினால் மார்பு கனப்பதும் வலியும் குறைவு. குளித்துத் துவட்டிய பிறகு, மேல்கையின் வெளிப்புறத்திலோ தொடையிலோ பரப்பித் தடவி ஐந்து நிமிடம் காயவிட வேண்டும். மார்பில் தடவக் கூடாது. ஒரு மணி நேரம் அந்த இடத்தைக் கழுவக் கூடாது, பேரக்குழந்தையை அந்தக் கையில் தூக்கவும் கூடாது. வாய்வழி என்றால் எஸ்ட்ராடையால் வேலரேட் 1 மி.கி. தொடக்கம்.

எதைத் தேர்வது? எடை மிக அதிகம், காலில் ரத்தக்கட்டு அபாயம், கண்முன் மின்னல் பூச்சி பறக்கும் ஒற்றைத் தலைவலி என்றால் ஜெல்தான். மாத்திரை கல்லீரல் வழியாகப் போவதால் ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. வழக்கமான அளவில் தோல் வழிக்கு அந்தக் குறை இல்லை. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வாய்வழி எஸ்ட்ரோஜன் தொடங்கினால் 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். (தைராய்டு ரத்தப் பரிசோதனை) திரும்பப் பார்க்க வேண்டும், தைராக்ஸின் அளவு கூட்ட வேண்டி வரலாம். இதை மறந்துவிட்டு, "ஹார்மோன் போட்டும் சோர்வு போகல" என்று ஹார்மோனைக் குறை சொல்கிறோம்.

தொடவே கூடாதவர்களும் உண்டு. மார்பகப் புற்று வந்தவர், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், கல்லீரல் நோய் முற்றியிருப்பவர், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர். கடைசியாகச் சொன்னவர்கள்தான் நம் ஊரில் அதிகம் தவறிப்போகிறார்கள். "நிக்குற நேரத்துல அப்படித்தான் போகும்" என்று கட்டி கட்டியாகப் போவதை ஆறு மாதம் பொறுத்துக்கொண்டு, ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கி வருகிறார்கள். முதலில் ஸ்கேன், தேவைப்பட்டால் உட்சவ்வுப் பரிசோதனை. அது முடியாமல் ஹார்மோன் பேச்சே இல்லை. நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டுப் பட்டாலும் இதே விதி.


ஆய்வக நுட்புநர், அம்மாபேட்டை

எஃப்.எஸ்.எச்., அதாவது சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனை அளக்கும் ரத்தப் பரிசோதனை பற்றி ஒன்று. 45 தாண்டியவருக்கு அது வேண்டாம் என்று மேடம் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் சீட்டில் வருகிறது. இந்த மாதம் 60, அடுத்த மாதம் 11 என்று வரும். இரண்டும் சரியான ரிப்போர்ட்தான். நிற்கப்போகும் காலத்தில் அது அப்படி ஆடும். 11 வந்ததைப் பார்த்து "உங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்று திருப்பி அனுப்புவதுதான் தவறு. அந்தப் பரிசோதனை உண்மையில் தேவைப்படுவது 40 வயதுக்குக் கீழே நின்றுபோனவர்களுக்கும், 40-45இல் சந்தேகம் உள்ளவர்களுக்கும்.

இன்னொன்று, முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமினை 10 மி.கி. சாப்பிடுகிறவர்கள் நிறைய. சில கருவிகளில் அது எஃப்.எஸ்.எச்., டி.எஸ்.எச். இரண்டையும் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். ரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது எடுத்த எஃப்.எஸ்.எச்.சுக்கும் அர்த்தமில்லை.


கிராம சுகாதார செவிலியர், ஏற்காடு

மேலே, காபி எஸ்டேட் பக்கம், தேதி கேட்டால் "பழம் பறிக்கும்போது" என்பார்கள். அதைக் கேலியாக எடுக்க வேண்டாம், நவம்பரிலிருந்து மாசி வரைக்கும் பறிப்பு, "மொதல் பறிப்பா, கடைசியா?" என்று கேட்டால் ஒரு மாதத்துக்குள் கணக்கு வந்துவிடும்.

இங்கே தொந்தரவு வேறு மாதிரி. டிசம்பர் குளிரில் ராத்திரி குப்பென்று வேர்த்துக் கம்பளியை உதறுவார்கள், வேர்வை காய்ந்ததும் நடுக்கம். "குளிர்காய்ச்சல் சிஸ்டர்" என்று காலையில் வந்து பாராசிட்டமால் கேட்பார்கள். தெர்மாமீட்டர் கொடுத்து, வேர்க்கும்போதே வைத்துப் பார்க்கச் சொல்கிறோம். ஹார்மோன் சூடு என்றால் அது ஏறாது, சில நிமிடத்தில் அடங்கிவிடும். 100-க்கு மேல் காட்டினாலோ, இரண்டு வாரம் தாண்டிய இருமலும் எடைக் குறைவும் சேர்ந்தாலோ சளிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ராத்திரி வேர்வைக்குக் காசநோயும் ஒரு காரணம், மறக்கக் கூடாது. சர்க்கரைக்கு கிளிமிபிரைட் சாப்பிடுகிறவர் வேர்த்துப் படபடத்தால் உடனே குளுக்கோமீட்டர். 70-க்குக் கீழே இருந்தால் அவருக்குத் தேவை சர்க்கரைத் தண்ணீர்.

மக்களைத் தேடி மருத்துவம் வழியாக பி.பி. மாத்திரை வீட்டுக்குப் போகிறவர்களின் அட்டையில் மாதாமாதம் அளவு எழுதியிருக்கும். கீழே டாக்டரிடம் போகும்போது அதை எடுத்துப்போகச் சொல்லுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, 160/100 என்று காட்டி, "முதல்ல பி.பி. குறையட்டும்" என்று திரும்பி வருவது ஒரு நாள் கூலி நஷ்டம்.

ஒரு சந்தேகம் மேடம். கர்ப்பப்பை எடுத்தவர்களுக்குத் தேதியே இல்லையே, அவர்களுக்கு எப்படி?


மகப்பேறு மருத்துவர், அஸ்தம்பட்டி

சிஸ்டர், அவர்களுடைய டிஸ்சார்ஜ் தாளைத் தேடுங்கள். பி.எஸ்.ஓ. என்று எழுதியிருந்தால் இரண்டு சினைப்பையும் போய்விட்டது. அறுவை நடந்த நாள்தான் கடைசித் தேதி. 45 வயதுக்கு முன் அப்படி எடுத்தவருக்கு, தடை எதுவும் இல்லையென்றால், தொந்தரவு வரட்டும் என்று காத்திருக்காமல் எஸ்ட்ரோஜன் தொடங்க வேண்டும்; எலும்புக்கும் இதயத்துக்கும் சேர்த்துத்தான். இயல்பாக நிற்கும் வயது வரையாவது தொடர வேண்டும். 40க்கு முன் தானாக நின்றவருக்கும் அதே. கர்ப்பப்பை முழுதாக இல்லையென்றால் புரோஜெஸ்ட்ரோன் வேண்டாம், ஆனால் கர்ப்பப்பை வாய்ப்பகுதியை மட்டும் விட்டு எடுத்தவர், எண்டோமெட்ரியோசிஸ் (உட்சவ்வு போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்வது) பரவியிருந்தவர் என்றால் கேட்டுத்தான் முடிவு. சினைப்பையை விட்டிருந்தால் தேதி கிடையாது; வேர்வை, தூக்கம், பிறப்புறுப்பு வறட்சி ஆகிய தொந்தரவுகளைக் கொண்டுதான் தொடங்குகிறோம்.

வறட்சி மட்டும், அல்லது அடிக்கடி நீர்க்கடுப்பு மட்டும் என்றால் மேலே பேசியது எதுவும் பொருந்தாது. எஸ்ட்ரியால் (எஸ்ட்ரோஜனில் ஒரு வகை) கிரீம், முதல் 2 வாரம் தினமும் இரவில் உள்ளே, பிறகு வாரம் 2 முறை. கூடப் புரோஜெஸ்ட்ரோன் தேவையில்லை. 68 வயதிலும் தொடங்கலாம். "இந்த வயசுலயா?" என்று கூச்சப்பட்டு, ஆன்டிபயாட்டிக்கை வருடத்துக்கு ஐந்து முறை வாங்குகிறார்கள்.

தொடங்கிய பிறகு: வேர்வை நாலு வாரத்தில் குறையத் தொடங்கும், முழுப் பலன் தெரிய மூன்று மாதம். பத்து நாளில் "கேக்கல" என்று நிறுத்துவதும் வேண்டாம், இரண்டு மடங்காக்குவதும் வேண்டாம். மூன்றாம் மாதம் ஒரு பார்வை, பிறகு வருடா வருடம். ஆறு மாதம் தாண்டியும் ஒழுங்கில்லாமல் பட்டால் பரிசோதனை. இது கருத்தடையும் அல்ல. 50க்குக் கீழே என்றால் கடைசித் தேதியிலிருந்து 2 வருடம், மேலே என்றால் 1 வருடம் தடுப்பு தேவை. அங்கேயும் தேதிதான்.


கிராம சுகாதார செவிலியர், ஏற்காடு

கர்ப்பப்பைக்குள் ஹார்மோன் லூப் போட்டவர்கள்? அவர்களுக்குத்தான் வருவதே இல்லையே.


மகப்பேறு மருத்துவர், அஸ்தம்பட்டி

52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரல் (புரோஜெஸ்ட்ரோன் வகை) லூப் என்றால், உள்ளே இருக்கும்வரை உட்சவ்வுக்கு அதுவே காவல். எஸ்ட்ரோஜன் ஜெல்லை மட்டும் சேர்த்தால் போதும். வயது 45 தாண்டி, வேர்வை இருந்தால் தொடங்கிவிடலாம். இந்தக் காவலுக்கு 5 வருடம்தான் கணக்கு. அவர்களிடம் கேட்க வேண்டிய தேதி லூப் போட்ட தேதி. கொடுத்த அட்டை பீரோவில் இருக்கும், பழைய ரேஷன் கார்டோடு சேர்த்துத் தேடச் சொல்லுங்கள்.