ஆண்டு மலரில் இதழியல் மாணவர்களின் சாதனைப் பக்கம்: எதைக் கேட்டு வாங்குவது, எப்படி எழுதுவது?

மலர்க்குழு_சுங்கைசிப்புட்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கம் இந்த ஆண்டு மலர் போடுகிறது. அதில் நான்கு பக்கத்தை, இங்கே படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் இதழியல், ஒளிபரப்பு எடுத்த பிள்ளைகளுக்காக ஒதுக்கியிருக்கிறோம். இன்னும் படிப்பவர்களும் உண்டு, வேலைக்குப் போய்விட்டவர்களும் உண்டு. பினாங்கில் யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்), காம்பாரில் யூடார் (துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம்), ஒருவர் அமெரிக்கப் பட்டப்படிப்பு மாற்றுத் திட்டத்தில் போனவர்.

புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்து குவியும் தகவல்தான் தலைவலி. “உலக விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்”, “டீன் பட்டியல்”, “அனைத்துலகத் தொலைக்காட்சியில் பணி” என்று ஆளாளுக்கு ஒரு வரி. சான்றிதழ் கேட்டால் பாதிப் பேர் மேடையில் நிற்கும் படத்தை அனுப்புகிறார்கள். மலரைப் படிக்கப்போகிறவர்களில் ரப்பர் பால்வெட்டிய காலத்துத் தாத்தா பாட்டியும் உண்டு, எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டு அடுத்து என்ன படிக்கலாம் என்று பார்க்கிற பிள்ளைகளும் உண்டு.

என்னென்ன விவரம் கேட்க வேண்டும்? குழுவாக வாங்கிய விருதை ஒருவர் பெயரில் போடலாமா? விருதின் பெயரைத் தமிழில் மாற்றலாமா? படம் எப்படி வாங்குவது?

துணையாசிரியர்_ஈப்போ:
முதலில் பெயர். மைகாட் அடையாள அட்டையில் உள்ள பெயர், செய்திக்கு மேல் வரும் பெயர், தமிழில் எழுதும் பெயர் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். தமிழ்ப் பெயரை அவரே கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பட்டும். ரோமன் எழுத்தைப் பார்த்து நீங்களாக எழுதினால் தனலட்சுமி தனலெட்சுமி ஆவார், குணசேகரன் குனசேகரன் ஆவார். மலர் கைக்கு வந்ததும் வீட்டுக்காரர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அமெரிக்காவில் படித்தவரைப் பற்றி இணையத்தில் தேடும்போது இன்னொரு சிக்கல் வரும். அங்கே பதிவில் தந்தை பெயர்தான் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்பவை நடுப்பெயராகவோ பெயரோடு ஒட்டியோ கிடக்கும். வெற்றியாளர் பட்டியலில் பிள்ளையின் பெயரைத் தேடிவிட்டு “இல்லையே, பொய் சொல்கிறார்” என்று முடிவு கட்டாதீர்கள். அப்பா பெயரில் தேடுங்கள், ஏ/பி இல்லாமலும் தேடுங்கள்.

அடுத்து விருது. ஒவ்வொரு விருதுக்கும் ஐந்து விவரம் வேண்டும்: விருதின் முழுப்பெயர், நடத்திய அமைப்பு, எந்தப் பிரிவு, எந்த நிலை, எந்த ஆண்டு. இதில் ஒன்று குறைந்தாலும் படிவத்தைத் திருப்பி அனுப்புங்கள், வெட்கமே வேண்டாம். ஆண்டைப் பற்றிக் கேட்கும்போது விருது கொடுத்த ஆண்டையும் படைப்பு வெளிவந்த ஆண்டையும் பிரித்துக் கேளுங்கள். அமெரிக்காவின் இதழியல் பரிசான புலிட்சரை எடுத்தால் 2019 பரிசு 2018இல் வெளிவந்த வேலைக்கு. மற்றப் போட்டிகளிலும் இப்படி ஒரு ஆண்டு முன்பின் ஆவது சகஜம்.

“பரிந்துரைக்கப்பட்டவர்” என்ற சொல்லைக் கண்டால் நிறுத்துங்கள். புலிட்சருக்கு ஒரு படைப்பை அனுப்ப 75 அமெரிக்க டாலர் நுழைவுக் கட்டணம், அவ்வளவுதான். அனுப்பியவர் எல்லாரும் பரிந்துரை பெற்றவர்கள் ஆகிவிட மாட்டார்கள். நடுவர் குழு தேர்ந்தெடுக்கும் இறுதிச்சுற்றாளர்கள் ஒரு பிரிவுக்குப் பெரும்பாலும் மூவர்தான். 1980 முதல் அவர்கள் பெயரும் வெற்றியாளரோடு சேர்த்து அறிவிக்கப்படுகிறது, புலிட்சர் தளத்தில் ஆண்டுவாரியாகக் கிடக்கிறது. அங்கே பெயர் இருந்தால் “இறுதிச்சுற்றுக்குத் தேர்வானவர்” என்று போடுங்கள். இல்லையென்றால் அந்த வரியே வேண்டாம்.

குழு விருதுக்கு வருவோம். 2018இல் சிறப்புப் படப்பிடிப்புக்கான புலிட்சர், ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் படக்கலைஞர் குழுவுக்குப் போனது, ரோஹிங்கியா அகதிகளின் படங்களுக்காக. அடுத்த ஆண்டு அனைத்துலகச் செய்திப் பிரிவில் அதே நிறுவனத்துக்குக் கொடுத்தபோது, பணியாளர் குழுவின் பெயரைச் சொல்லிவிட்டு வா லோன், கியாவ் சோ ஊ இருவரின் குறிப்பிடத்தக்க பங்களிப்புடன் என்று தனியாகக் குறித்தார்கள். அப்படித்தான் எழுத வேண்டும்: “இன்ன குழு பெற்ற விருது, அதில் இவர் தரவு ஆய்வு செய்தார்” அல்லது “ஒளிப்பதிவு செய்தார்”. குழுவில் இருந்தவரை வெற்றியாளர் என்று ஒற்றையாகப் போட்டால், கூட வேலை செய்தவர் யாராவது முகநூலில் பார்த்துவிட்டுக் கேட்பார். சங்கடம் பிள்ளைக்குத்தான்.

விருதின் பெயரை மொழிபெயர்க்க வேண்டாம். ஒலிபெயர்த்துத் தமிழெழுத்தில் போடுங்கள், அடுத்த வரியில் அது என்ன என்று பத்துச் சொல்லில் விளக்குங்கள். பாட்டிக்கு அந்தப் பத்துச் சொல் போதும்.

விரிவுரைப்பக்கம்:
மேலே சொன்னவை எல்லாம் சரி. பல்கலைக்கழக வட்டாரத்துச் சங்கதிகள் சிலவற்றை நான் சேர்க்கிறேன்.

டீன் பட்டியல் என்பது நல்ல புள்ளி எடுத்தவர்களின் பெயர்ப்பட்டியல், ஒரு பருவத்துக்குரியது. ஒரு தடவை வந்தவரும் எல்லாப் பருவத்திலும் வந்தவரும் ஒன்றல்லர், எனவே எத்தனை பருவம் என்று கேளுங்கள். தகுதிப் புள்ளியும் இடத்துக்கு இடம் மாறும், ஓரிடத்தில் 3.50, இன்னோரிடத்தில் அதற்கு மேல். ஆகவே இரண்டு பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்படி எழுதாதீர்கள். பட்டமளிப்பில் தரும் அரச கல்வி விருது வேறு, முதல் வகுப்புத் தேர்ச்சி வேறு. முன்னது மிகச் சிலருக்கே கிடைப்பது. யாராவது அதை வாங்கியிருந்தால் பக்கத்தின் தலையில் போடுங்கள்.

மலாய்ச் சான்றிதழில் நிலையைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். ஜோஹான் முதலிடம், நாயிப் ஜோஹான் இரண்டாமிடம், சாகுஹாத்தி ஆறுதல் பரிசு, பென்யெர்தாஆன் வெறும் பங்கேற்பு, பெங்ஹர்காஆன் பாராட்டு அல்லது நன்றி. கடைசி இரண்டும் சாதனைப் பட்டியலில் வர வேண்டியதில்லை. மேடைப் படம் மட்டும் வந்தால், கையில் இருக்கும் சான்றிதழைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடு வரியில் இந்தச் சொல் இருக்கும்.

அமெரிக்க மாணவர் விருதுகளில் இரண்டு அடிக்கடி வரும். ஹெர்ஸ்ட் இதழியல் விருதுத் திட்டம் 1960 முதல் நடக்கிறது. அங்கீகாரம் பெற்ற இதழியல் பள்ளிகளின் இளங்கலை மாணவர்களுக்கானது, இடவரிசை உண்டு. இடத்தின் எண்ணைத் தவறாமல் போடுங்கள். எட்டாவது இடமும் நல்ல செய்திதான், ஆனால் “ஹெர்ஸ்ட் விருது வென்றார்” என்று எழுதினால் முதலிடம் என்றுதான் படிப்பவர் நினைப்பார். தொழில்முறை இதழாளர் சங்கத்தின் மார்க் ஆஃப் எக்ஸலன்ஸ் விருதில் முதலில் வட்டார நிலை, அதில் வென்றவை தேசிய நிலைக்குப் போகும். வட்டாரமா தேசியமா என்பதைச் சொல்லாமல் விட்டால் வரிக்குப் பொருளே இல்லை.

நம் நாட்டில் மலேசியன் பிரஸ் இன்ஸ்டிடியூட்டும் பெட்ரோனாசும் சேர்ந்து தரும் இதழியல் விருது பணியில் இருப்பவர்களுக்கு. அதில் ஹாடியா காஜாய் உச்சம். மலாய் இதழியலின் முன்னோடி அப்துல் ரஹீம் காஜாய் பெயரில் உள்ளது. வேலைக்குப் போன உங்கள் பிள்ளைகளில் யாராவது ஏதேனும் ஒரு பிரிவில் வாங்கியிருந்தால் அந்தப் பிரிவைத்தான் எழுத வேண்டும், காஜாய் என்று ஏற்றிவிடக் கூடாது.

வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொழிற்பயிற்சிக்குப் போனதை “பணியாற்றினார்” என்று எழுதுவதுதான் இந்த மாதிரி மலர்களில் நான் மிக அதிகமாகப் பார்க்கும் பிழை. பயிற்சி, ஒப்பந்தம், நிரந்தரம், செய்திக்கு இவ்வளவு என்று வாங்கும் சுயேச்சைச் செய்தியாளர், இந்த நான்கில் எது என்று படிவத்தில் கட்டம் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஃபெல்லோஷிப் பயிற்சிக்கான வாய்ப்பு, அதை விருதுப் பட்டியலில் சேர்க்காமல் தனியாக எழுதுங்கள்.

தமிழ்வாசி_தைப்பிங்:
எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. விருதை மட்டும் அளவுகோலாக வைத்தால் நான்கு பக்கமும் கோப்பை வரிசையாகத்தான் இருக்கும். எஸ்பிஎம் முடித்த பிள்ளைக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. ஒவ்வொருவரும் எழுதிய அல்லது படம்பிடித்த ஒரு வேலையைக் கேளுங்கள். யூஎஸ்எம் மாணவர் என்றால் பெரித்தா கம்புஸ் என்ற மாணவர் பயிற்சி ஏட்டில் அவர் பெயரோடு வந்த ஒரு செய்தி இருக்கும். எந்தத் தலைப்பு, எத்தனை பேரைப் பேட்டி எடுத்தார், எந்த ஆவணத்தைப் புரட்டினார் என்று நான்கு வரி வாங்கிப் போட்டால், “டீன் பட்டியல், நான்கு பருவம்” என்பதைவிட அது ஆயிரம் மடங்கு பேசும்.

வெட்டி எடுத்த செய்தி வந்தால் ஒரு நிபந்தனை வையுங்கள்: பக்கம் முழுவதும் தெரிய வேண்டும், மேலே தேதியும் பக்க எண்ணும் இருக்க வேண்டும். கத்தரித்த துண்டை வைத்து எந்த ஏடு, எந்த நாள் என்று சொல்ல முடியாது. தமிழ் நேசன் நாளிதழ் 1924இல் தொடங்கி 2019இல் நின்றுவிட்டது. அதில் எழுதியவர்களிடம் தாள்தான் மிச்சம் இருக்கும், இணைய இணைப்பு கேட்டுப் பயனில்லை. இப்போதைய இணையச் செய்தி என்றால் இணைப்பை வாங்கியவுடன் வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் சேமித்துவிடுங்கள். செய்தித்தளங்கள் வடிவம் மாற்றும்போது பழைய முகவரிகள் செத்துப்போகும், மலரில் அச்சடித்த இணைப்பு வெறும் மையாகிவிடும்.

விரிவுரைப்பக்கம்:
இதை ஏற்கிறேன், ஒரு எச்சரிக்கையோடு. பயிற்சி ஏட்டில் வந்ததைப் பொதுமக்கள் நாளிதழில் வந்ததுபோல் காட்ட வேண்டாம். பெரித்தா கம்புஸில் வந்தது என்று எழுதுவதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

மலர்க்குழு_சுங்கைசிப்புட்:
மிக்க நன்றி ஐயா, நன்றி அனைவருக்கும். இன்னும் இரண்டு. குடும்பத்தார் “பரிந்துரை” என்றே போடச் சொல்லி வற்புறுத்தினால் எப்படிச் சொல்வது? பக்கத்தில் யாரை முதலில் போடுவது? எங்கள் ஊரில் இது பெரிய பஞ்சாயத்து.

துணையாசிரியர்_ஈப்போ:
வற்புறுத்தலுக்கு வாதம் பண்ணாதீர்கள். “சங்கத்தின் விதி இது, அமைப்பின் தளத்தில் பெயர் இருந்தால் மட்டும் போடுகிறோம், இணைப்பை அனுப்புங்கள்” என்று எல்லாருக்கும் ஒரே வாசகம். படிவத்தின் தலையிலேயே இந்த விதியை அச்சடித்துவிட்டால் தனியாக யாரிடமும் முகத்தை முறிக்க வேண்டியதில்லை. இணைப்பு வராவிட்டால் அந்தப் படைப்பு எந்த ஏட்டில் எப்போது வந்தது என்று எழுதிவிடுங்கள். அது உண்மை, குடும்பமும் மகிழும்.

வரிசைக்குப் பட்டம் பெற்ற ஆண்டை எடுங்கள், மூத்தவர் முதலில். இன்னும் படிப்பவர்கள் கடைசியில், சேர்ந்த ஆண்டுப்படி. விருதின் பெருமையைப் பார்த்து அடுக்கினால் தலைவர் முதல் பொருளாளர் வரை ஆளுக்கொரு பட்டியல் போடுவார்கள். அரச கல்வி விருது வாங்கியவர் இருந்தால் விரிவுரையாளர் சொன்னபடி அவரை மட்டும் தனிக்கட்டத்தில் மேலே வைக்கலாம்.

ஒரு மாதிரி தருகிறேன். “யூஎஸ்எம்மில் தொடர்பியல் படித்தார், 2021இல் பட்டம். இறுதியாண்டில் பெரித்தா கம்புஸ் ஏட்டில் குடிநீர்த் தடை பற்றி எழுதிய செய்திக்காக, மாணவர் பிரிவில் இன்ன அமைப்பு நடத்திய போட்டியில் இரண்டாமிடம், 2020. இப்போது கோலாலம்பூரில் ஒப்பந்தச் செய்தியாளர்.” அவ்வளவு போதும். “சாதனைச் சிகரம்”, “தோட்டத்து வைரம்” எல்லாம் தலைப்பில்கூட வேண்டாம்.

அச்சுக்கூடம்_கோலகங்சார்:
படத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அச்சுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டும். பக்கத்தில் 9 செ.மீ. அகலத்தில் போடப்போகும் முகப்படத்துக்கு 1,063 பிக்சல் அகலம், 18 செ.மீ. போட்டால் அதன் இரட்டிப்பு. புலனத்தில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும். கோப்பாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மின்னஞ்சலில். முகநூலில் இருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் கன்னத்தில் கட்டங்கட்டமாகத் தெரியும், அதைச் சரிசெய்ய எந்த மென்பொருளும் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டமளிப்புப் படம் பெரும்பாலும் பல்கலைக்கழகம் அமர்த்திய படக்காரருடையது. நாளிதழில் வந்த படம் நாளிதழுடையது. யாருடைய படமோ அவரிடம் கேட்டுவிட்டு, பெயரைப் படத்தின் கீழே சிறிதாகப் போடுங்கள். குழுப்படம் என்றால் “இடமிருந்து” என்று தொடங்கி வரிசை வாரியாகப் பெயர் வாங்குங்கள்.

எழுத்துருவும் கவனம். நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுப்பீர்கள், சில கடைகளில் இன்னும் பழைய பேஜ்மேக்கர் பக்க வடிவமைப்பு மென்பொருள்தான். அங்கே “கொ”, “கோ” எல்லாம் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும். புதிய மென்பொருளான இன்டிசைனில் செய்தாலும் பத்தி அமைப்பை வேர்ல்ட்-ரெடி கம்போசருக்கு மாற்றாவிட்டால் இதே கதைதான். எனவே முழு மலரையும் கொடுப்பதற்கு முன், ஸ்ரீ, கௌ, கொ, க்ஷ எழுத்துகள் வரும் நான்கைந்து பெயர்களை மட்டும் கொடுத்து ஒரு தாள் அச்செடுத்துப் பாருங்கள். இறுதிக் கோப்பு எழுத்துரு உட்பொதித்த பிடிஎஃப் ஆக இருக்கட்டும்.

தமிழ்வாசி_தைப்பிங்:
ஒப்புதலையும் எழுத்தில் வாங்குங்கள். 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கானது, சங்க மலருக்கு அது நேரடியாக வராது என்று சிலர் வாதிடலாம். ஆனால் சில செய்தியாளர்கள் தங்கள் ஊர், பெற்றோர் பெயர், வீட்டுப் படம் வெளிவருவதை விரும்ப மாட்டார்கள், குற்றச்செய்தி எழுதுகிறவர்கள் குறிப்பாக. படிவத்தின் கடைசியில் “ஊர்ப் பெயர் போடலாமா, பெற்றோர் பெயர் போடலாமா, படம் போடலாமா” என்று மூன்று கேள்வி தனித்தனியாக. பக்கத்தை வடிவமைத்த பிறகு அவரவர் பகுதியைப் படமெடுத்து அவரவருக்கு அனுப்பி “சரி” என்ற பதிலை வாங்குங்கள். பெற்றோர் சொன்ன “சரி” கணக்கில் வராது, பிள்ளையே சொல்ல வேண்டும்.

மலர்க்குழு_சுங்கைசிப்புட்:
படிவத்தை இந்த வாரமே மாற்றி எழுதுகிறோம். மாதிரியை இங்கேயே போடுகிறேன், பார்த்துத் திருத்துங்கள்.