நட்டுவாக்காலி என்கிற பெரிய கருந்தேளை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

வரப்போரம்:
ராத்திரி மடை திருப்பப் போனபோது நடந்தது. கையில் கள்ள நோட்டு பார்க்கிற ஊதா லைட், தேள் அதில் மின்னும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். வரப்பில் அடித்துக்கொண்டே வந்தால், நீலப்பச்சையாக இரண்டு இடுக்கி மட்டும் மண்ணுக்கு வெளியே தெரிகிறது, உடம்பு மொத்தமும் வளைக்குள். அப்படியே நின்றுவிட்டேன். ஒரு சிள்வண்டு தத்தித் தத்திப் பக்கத்தில் வந்தது. இது அசையவே இல்லை. வண்டு இன்னும் ஒரு தத்து தத்தியதும் கவ்வியது பாருங்கள், நறுக்கென்று எனக்கே கேட்டது. கொடுக்கைத் தூக்கக்கூட இல்லை, பின்பக்கமாகவே உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவ்வளவு பெரிய கொடுக்கு இருந்தும் ஏன் கொட்டவில்லை?

புற்றுமேடு:
மனையைச் சமப்படுத்தக் கரையான் புற்றை வெட்டினார்கள், உள்ளே இருந்து கருகருவென்று ஒன்று வெளியே வந்தது. முதுகு முழுக்க வெள்ளைக் குஞ்சுகள். ஒன்று நழுவி மண்ணில் விழுந்துவிட்டது. அது தாயின் காலைப் பிடித்து மறுபடி மேலே ஏறும்வரை, அத்தனை பேர் சுற்றி நின்று கத்தியும் தாய் நகரவில்லை. அதற்குள் மண்வெட்டி விழுந்துவிட்டது. "எப்படியும் குஞ்சுகள் தின்று சாகப்போகிறதுதானே" என்றார் பெரியவர் ஒருவர். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

களத்துமேடு:
புற்றுமேடு, அந்தப் பெரியவர் சொன்னது சுத்தப் பொய். குஞ்சுகள் தாயைத் தின்பதில்லை. முதல் தோல் உரிக்கும்வரை முதுகில் இருக்கும், அதுவரை இரை எடுக்காது, பிறக்கும்போது உடம்பில் இருக்கிற சத்திலேயே ஓட்டிவிடும். சொல்லப்போனால் தொந்தரவு அதிகமானால் தாய்தான் சில நேரம் குஞ்சைத் தின்னும். வரப்போரம் கேட்டதற்கும் பதில் இதுதான்: இடுக்கி தடித்த தேளுக்குப் பெரும்பாலும் நஞ்சு கம்மி, நசுக்கியே கொன்றுவிடும். கொட்டினால் கடுக்கும், வீங்கும், ஆளைக் கொல்வது ரொம்ப அபூர்வம்.

பயப்பட வேண்டியது செந்தேளுக்கு. சின்னதாக இருக்கும், இடுக்கி ஒல்லி, வாலில்தான் எல்லாம். கல்லடி, விறகு, கூரை என்று எங்கும் ஒளியும். அது கொட்டி உடம்பு வேர்த்து, வாந்தி வந்து, கை கால் சில்லிட்டால் மந்திரிக்க உட்காராதீர்கள், குறிப்பாகக் குழந்தைகளுக்கு. மகாராஷ்டிராவின் மகாட் ஊரில் டாக்டர் பவஸ்கர் 1980களில் பிரசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்துத்தான் இந்தச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைக்கலாம். கட்டுப் போட வேண்டாம், கீறிவிட வேண்டாம். ராத்திரி செருப்பை உதறிப் போடுங்கள். அப்புறம் வளையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிற பழக்கத்தை விடுங்கள், செந்தேள் பெரும்பாலும் அதற்குள் இருக்காது.

மலையடிவாரம்:
களத்துமேடு சொன்னது சரி, ஆனால் அனுபவம் எழுதச் சொன்ன இடத்தில் அவருடைய அனுபவம் எங்கே?

என்னுடையது கோடையில். மேல் மண் காலை வைக்க முடியாமல் கொதிக்கிறது, மரத்தடி வளை இடிந்த இடத்தில் கை வைத்தால் உள்ளே ஜில்லென்று ஈரம். வளையின் வாய் மேலே வளைவு, கீழே தட்டை. உருண்டையாக இருந்தால் நண்டு வளை. பாலைவனத் தேள் மாதிரி இது வறட்சியைத் தாங்காது, அந்த ஈரத்தை நம்பித்தான் பிழைக்கிறது. இரை இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும், ஈரம் போனால் போச்சு. இடிந்த மண்ணைக் குச்சியால் விலக்கினேன், "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சீறல். பாம்பு என்று நினைத்து எல்லாரும் ஓடிவிட்டார்கள். நான் மட்டும் நின்று பார்த்தேன், தூக்கிய இடுக்கியின் அடிப்பகுதியும் முதல் காலின் அடிப்பகுதியும் உரசி உரசி அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. யாராவது அதைப் பதிவு செய்திருந்தால் போடுங்கள், வீட்டில் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.