பழைய மண்டபத்தில் வியர்த்த டிஃப்யூசர்கள்

சிங்கப்பூரில் 1920களில் எழுந்த கல்லூரிக் கட்டடங்கள் குளிரூட்டியை மனத்தில் கொண்டு கட்டப்பட்டவை அல்ல. 2009-இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட புக்கிட் தீமா ராஃபிள்ஸ் கல்லூரியைப் பார்த்தவர்களுக்கு, அந்த நடைவழிகளும் முற்றங்களும் காற்று தாராளமாகப் போய்வருவதற்காகவே என்பது விளங்கும். அந்தக் காலத்துப் பல்கலைக்கழக மண்டபம் ஒன்றைப் (பெயர் வேண்டாம்) புதுப்பித்தபோது, குளிரூட்டும் அமைப்புகளின் டெஸ்டிங், கமிஷனிங் (சோதித்து இயக்கத்துக்குக் கொண்டுவரும்) பணியில் இருந்தேன்.

காற்றைக் குளிர்வித்து அனுப்பும் ஏ.எச்.யு., காற்றை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் ஃபேன், பம்ப் யாவும் தனித்தனியே சோதிக்கப்பட்டு, காற்றளவுகள் சரியென்று கையொப்பமும் ஆகியிருந்தது. எல்லாவற்றையும் சேர்த்து இரவு முழுவதும் ஓடவிட்ட பிறகுதான், மர லூவர் சன்னல்களை ஒட்டிய டிஃப்யூசர்களின் (குளிர்காற்று அறைக்குள் வரும் வாய்களின்) விளிம்பில் நீர் கோத்து நிற்பதையும், அருகிலிருந்த புதிய சுண்ணாம்புப் பூச்சில் ஈரம் பாய்ந்திருப்பதையும் கண்டோம். கட்டட அமைப்புகளைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். திரையில் எல்லாம் பச்சை. இத்தகைய கோளாறுகளைப் பேசும் கூட்டங்களில் முதலில் இன்சுலேஷன் போட்டவர் தலையில்தான் பழி விழும், அன்றும் விழுந்தது.

இளம் டெக்னீஷியன் ஒருவர் டிஷ்யூ தாளைக் கிழித்துச் சன்னல் இடுக்கில் பிடித்து, "அண்ணே, தாள உள்ள இழுக்குது பாருங்க" என்றார். காரணம் அதிலேயே இருந்தது. மண்டபத்தில் ஆளில்லாததால் கரியமில வாயு அளவு குறைந்து, அதைக் கொண்டு இயங்கும் வெளிக்காற்று டேம்பர் (காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் மடல்) ஏறக்குறைய மூடிக்கொண்டது. கழிவறை எக்ஸாஸ்ட் ஃபேன்களோ நிற்காமல் காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. உள்ளே அழுத்தம் குறைந்ததும் வெளிக்காற்று சன்னல் இடுக்குகள் வழியே புகுந்தது. நம் ஊர்க் காற்றின் பனிநிலை (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) பெரும்பாலும் 24 பாகையை ஒட்டியே இருக்க, டிஃப்யூசரில் வருவது 14 பாகைக் காற்று என்றால், வியர்க்காமல் என்ன செய்யும்?

இடுக்குகளை அடைத்துவிடலாம் என்ற யோசனை எழுந்தது. ஆனால், பாதுகாக்கப்பட்ட மரவேலையில் ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். ஆகவே, உள்வரும் காற்று வெளியேறுவதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்குமாறு டேம்பருக்குக் குறைந்தபட்சத் திறப்பு வைத்து, எக்ஸாஸ்ட் ஃபேன்களையும் ஏ.எச்.யு.வின் நேர அட்டவணையில் சேர்த்தோம். பின்னர் மண்டபம் காலியாக இருக்கையிலும், ஆட்களின் வெப்பத்துக்கு ஈடாக ஹீட்டர்களை வைத்தும், மழைக்குப் பிறகும் சோதித்ததில் துளிகள் தோன்றவில்லை. கட்டட அழுத்தத்தை அளப்பது ஒப்பந்தத்தில் இல்லாததால், மறுசோதனைச் செலவு யாருடையது என்ற வாதம் மட்டும் ஹேண்டோவருக்குப் பின்னும் ஓயவில்லை.