ஃப்ரட்டர்னிட்டி 'டாப் டியர்' கணக்கு: பிள்ளைகள் அமெரிக்காவில் படிப்பவர்கள் உதவுங்களேன்

வணக்கம். மகன் பென்சில்வேனியாவில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு. ஜனவரியில் 'ரஷ்', அதாவது ஃப்ரட்டர்னிட்டி எனும் ஆண் மாணவர் சங்கங்களுக்கு ஆள் சேர்க்கும் காலம். சேர்ந்தால் டாப் டியர் (முதல் தர) ஃப்ரட்டர்னிட்டியில்தான் சேருவானாம்.

இந்தத் தரவரிசையை யார் போடுகிறார்கள் என்று கேட்டால் "எல்லாருக்கும் தெரியும்பா" என்கிறான். நான் தோண்டிய வரைக்கும், எந்த சொராரிட்டி (மாணவியர் சங்கம்) பெண்கள் அந்த ஃப்ரட்டர்னிட்டி பார்ட்டிக்கு வருகிறார்கள், சங்கத்து வீடு எவ்வளவு பெரிசு, பசங்க பார்க்க எப்படி, அப்பாக்கள் கையில் எவ்வளவு காசு, இவ்வளவுதான். மதிப்பெண் கடைசியில் எங்கேயோ. ஒரே கிரேக்க எழுத்துப் பெயர் கொண்ட சங்கம் ஒரு கேம்பஸில் உச்சியில், இன்னொன்றில் அடியில். ஜாதகப் பொருத்தமே தேவலை!

எனக்குப் பயம் ராகிங்தான். 2017இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஃப்ரட்டர்னிட்டி ராகிங்கில் டிமதி பியாஸா என்ற மாணவர் இறந்தது நினைவிருக்கும். அவர் பெயரிலேயே 2018இல் வந்த மாநிலச் சட்டப்படி, கல்லூரிகள் ராகிங் புகார் விவரங்களை வெளியிட வேண்டும். அதைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்விகள்: நடுத்தர டியரில் சேர்ந்த பிள்ளைகளுக்கு நிஜமாகவே ஏதாவது நஷ்டமா? வேலைக்கு அந்தப் பழைய மாணவர் தொடர்பு உதவியதா? சந்தா போக வேறென்ன செலவு வரும்? நம்ம பிள்ளைகளை உள்ளே எப்படி நடத்துகிறார்கள்? பொதுவில் சொல்லத் தயங்கினால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.