"புற்றுக்காட்டி" வேண்டாம், "மிச்சங்காட்டி" சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

தைராய்டு புற்றுக்கு அறுவை முடிந்தவர்களுக்கு எடுக்கும் தைரோகுளோபுலின் என்ற புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனையைப் "புற்றுக்காட்டி" என்று சொல்லலாம் எனப் போன வாரம் இங்கே பேசினோம். நானும் சரி என்றேன். இப்போது வேண்டாம் என்கிறேன்.

பாலக்கோட்டில் இருக்கும் என் பெரியம்மாவுக்குத் தைராய்டு முழுவதையும் எடுத்து, கதிரியக்க அயோடினும் கொடுத்தாயிற்று. மறுபரிசோதனைக்குப் பெங்களூரு போய் வருகிறோம். இந்த முறை ரிப்போர்ட் ஓரத்தில், அவருக்குப் புரியட்டும் என்று, "புற்றுக்காட்டி: 0.1-க்குக் கீழ்" எனப் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "அப்போ புத்து இன்னும் கொஞ்சம் இருக்குதா சாமி?" என்றார். டாக்டர் ரொம்ப நல்ல ரிசல்ட் என்று சொல்லி அனுப்பிய எண் அது! அந்த மெஷினால் அதற்குக் கீழே அளக்க முடியாது, அவ்வளவுதான். மில்லிலிட்டருக்கு 0.1 நானோகிராம் என்று உட்காரவைத்து விளக்கியும் அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

பயமுறுத்துவதோடு நிற்காமல், அந்தச் சொல் தப்பாகவும் சொல்கிறது. தைரோகுளோபுலினை நல்ல தைராய்டு செல்லும் உண்டாக்கும். தைராய்டு ஹார்மோன் உருவாவதே அந்தப் புரதத்தில்தான். சுரப்பி உடம்பில் இருக்கும்வரை இந்த எண்ணை மட்டும் வைத்துப் புற்று உண்டா இல்லையா என்று சொல்லிவிட முடியாது. எடுத்த பிறகுதான் இதற்கு அர்த்தம் வருகிறது. கரும்பு வெட்டிய வயலில் துளிர் தெரிந்தால் மண்ணுக்குள் கட்டை உயிரோடு இருக்கிறது அல்லவா, அது மாதிரி.

அதனால் "மிச்சங்காட்டி". திசைகாட்டி, நாள்காட்டி வரிசையில் இயல்பாக உட்காருகிறது. "எச்சங்காட்டி"யும் நினைத்தேன், ஊரில் எச்சம் என்றால் காக்கை எச்சம்தான். இதை எல்லாப் புற்றுக்கும் பொதுச்சொல்லாக்க வேண்டாம். மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுக்குப் பார்க்கும் கால்சிடோனின் என்ற ஹார்மோனை அறுவைக்கு முன்பும் பார்ப்பதுண்டு. அங்கே இந்தப் பெயர் பொருந்தாது.

தர்மபுரியிலிருந்து

மறுமொழி:

வணக்கம் அண்ணா. கிருஷ்ணகிரியில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். பெரியம்மா கேட்ட அதே கேள்வியை எங்கள் கவுண்டரிலும் கேட்கிறார்கள். "மிச்சங்காட்டி" எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு சந்தேகம்: எல்லாம் எடுத்து, சில வருஷம் கழித்து எண் ஏறினால் அதுவும் மிச்சமா? எங்கோ கண்ணுக்குத் தெரியாமல் தங்கிய செல்தான் பெருகுகிறது என்பதால் சொல் தாங்கும் என்றே நினைக்கிறேன்.

ஆனால் ரிப்போர்ட்டில் அதற்கு அடுத்த வரியை விட்டுவிட்டீர்கள். தைரோகுளோபுலின் எதிர்ப்பொருள் (அந்தப் புரதத்துக்கு எதிராக உடம்பே உண்டாக்குவது) என்று ஒன்று அச்சாகி இருக்கும், பாருங்கள். தைரோகுளோபுலின் பார்க்கும் வகைத் தைராய்டு புற்று வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது இருக்கும். இருந்தால், நாங்கள் வழக்கமாகச் செய்யும் முறையில் தைரோகுளோபுலின் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியலாம். மிச்சம் இருந்தும் காட்டாது. அப்போது டாக்டர்கள் எதிர்ப்பொருளின் அளவு ஏறுகிறதா இறங்குகிறதா என்று கவனிப்பார்கள். "எதிர்ப்பொருள்" சரியான சொல்தான், மாற்ற வேண்டாம். பக்கத்தில் "மிச்சமறைப்பி" என்று ஒரு விளக்கச் சொல் சேர்க்கலாமா?

இன்னொன்று, ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் எடுக்கச் சொல்லுங்கள். பரிசோதனை கிட் மாறினால் எண்ணும் மாறும். பெரியம்மாவுக்கு இரண்டு சொல்லையும் படித்துக் காட்டிவிட்டு எழுதுங்கள் அண்ணா, அப்புறம் நம் சொற்பட்டியலில் ஏற்றலாம்.